மூன்று கோயில், ஒரு ஐயர்

ஜெர்மனியில் போதகராக இருக்கிற என்னிடம், ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் முதலில் குளிரைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "சபையில எத்தனை பேர், ஐயர்?" (புதிதாகப் படிக்க வந்தவர்கள் குழம்ப வேண்டாம். எங்கள் தமிழ் லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.) குளிர் மைனஸ் பத்து என்றால் "அடேயப்பா" என்பார்கள். சபை பதினைந்து என்றால் சத்தமே வராது. "பதினைஞ்சு குடும்பமா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். இல்லை அண்ணே, பதினைந்து பேர்.

அதுவும் 600 பேர் உட்காரக்கூடிய கோயிலில். இரண்டு அடுக்கு மாடம், தங்கப் பூச்சுப் பூசிய பலிபீடம், ஆளுயரக் குழாய்களோடு ஆர்கன், எல்லாம் உண்டு. உட்காரத்தான் ஆள் இல்லை. இப்படி மூன்று கிராமங்களில் மூன்று கோயில்கள் என் பொறுப்பு. ஒன்பது மணிக்கு ஒரு ஊரில் ஆராதனை, பத்தரைக்கு அடுத்த ஊரில். மூன்றாவது ஊருக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் முறை வரும். ஒரு காலத்தில் மூன்று ஊரிலும் ஆளுக்கொரு போதகர் குடும்பத்தோடு இருந்திருக்கிறார்கள். இப்போது ஒரு குருமனை பல் மருத்துவருடைய கிளினிக்.

இருப்பது ஜெர்மனியின் கிழக்கு ஓரம். சாக்சனி மாநிலத்தில் ஓபர்லௌசிட்ஸ் என்கிற பகுதி, போலந்தும் செக் நாடும் கூப்பிடு தூரம். எங்கள் சபைக்கும் இங்குள்ள லுத்தரன் சபைக்கும் லைப்சிக் மிஷன் வழியாகப் பழைய உறவு. திருக்குறளை 1856இல் ஜெர்மன் மொழியில் கொண்டுவந்த கார்ல் கிரௌல் அந்த மிஷனுக்கு இயக்குநராக இருந்தவர்தான். அதற்கும் முன்னால், 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு பிறந்த புல்ஸ்நிட்ஸ், எங்களிடமிருந்து காரில் போகிற தூரம். பொறையாற்றில் பிறந்த எனக்கு அந்தப் பெயர் பாலர் பள்ளியிலேயே பழக்கம். இங்கே புல்ஸ்நிட்ஸ் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது பட்டை, கிராம்பு மணக்கும் ஒரு கேக்தான். நானும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே இருக்கும். சீகன்பால்கு யார் என்று ஒரு சபையாரிடம் சொல்ல ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓகோ, அதனால்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்களா?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

பட்டுக்கோட்டைப் பக்கம் ஊழியம் செய்தபோது எனக்குப் பழகிய ஞாயிறு வேறு. கோயில் மணி ஏழரைக்கு அடித்தால் எட்டேகால் வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஆராதனை முடிந்தால் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரோடு வரிசை நிற்கும். பிறந்தநாள், கல்யாண நாள், மகனுக்கு வேலை கிடைத்தது, கிணற்றில் தண்ணீர் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும். யாராவது மைக்கை வாங்கிச் சாட்சி சொல்ல ஆரம்பித்தால், அவர் நிறுத்த மனசு வரும்வரை நமக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது.

இங்கே ஒன்பதுக்கு மணி அடித்தால் ஒன்பதுக்கு ஆராதனை. பத்துக்கு முடிந்துவிடும். வாசலில் கை கொடுப்பார்கள். "நல்ல ஞாயிறாக இருக்கட்டும்" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. கான்சர் வந்தவர்கூடக் கேட்பதில்லை. அறுவை சிகிச்சை நாளைக்கு என்பதை அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போய்ப் பார்த்தால் மனிதர் தோட்டத்தில் இலை பெருக்கிக்கொண்டிருந்தார். ஜெபிக்கலாமா என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றினார். ஆமென் சொன்னார். தொப்பியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பெருக்க ஆரம்பித்தார்.

ஜனவரியிலிருந்து ஈஸ்டர் வரை பெரிய கோயிலைப் பூட்டிவிட்டுச் சபை மண்டபத்தில் ஆராதனை நடத்துவோம். அவ்வளவு பெரிய கட்டடத்தைச் சூடேற்றக் கட்டுப்படியாகாது. மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, மேசை மேல் ஒரு சிலுவை, இரண்டு மெழுகுவத்தி. ஆர்கனுக்குப் பதில் கீபோர்டு. எனக்கு உண்மையில் இந்த மூன்று மாதமும்தான் பிடிக்கும். முகம் தெரிகிற தூரத்தில் எல்லோரும் இருப்பார்கள். பெரிய கோயிலில் பதினைந்து பேரும் ஆளுக்கொரு மூலையில், தாத்தா காலத்திலிருந்து தங்கள் குடும்பம் உட்கார்ந்த பெஞ்சில்தான் உட்காருவார்கள். முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டால் சிரிப்பார்கள். வர மாட்டார்கள்.

பாட்டு விஷயத்தில் மட்டும் நான் அந்நியன் அல்ல. நம் ஞானப்பாட்டுகளில் பாதி இங்கிருந்து வந்த ராகங்கள்தானே. ஆனால் இவர்கள் பாடுகிற வேகத்தில் முதல் ஞாயிறு எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அதே ராகம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்த பிறகு மாட்டு வண்டியில் ஏறிவிட்டது போல. நம் பாட்டிமார் ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு இழுப்பு இழுப்பார்களே, அது இங்கே இல்லை. நான் அறியாமல் அந்த இழுப்பை இழுத்துவிடுவேன். ஆர்கன் வாசிக்கிற பெண் தன் முன்னால் மாட்டியிருக்கிற கண்ணாடியில் என்னைப் பார்ப்பார்.

காசு இல்லாத சபை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே சபை உறுப்பினர் கட்டும் வருமான வரியின் மேல் இன்னொரு 9 சதவீதம் சபை வரியாகச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். வேண்டாம் என்றால், பிறப்பு இறப்பு பதிவு செய்கிற அதே அலுவலகத்துக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அன்றோடு சபையிலிருந்து விலகியாயிற்று. விலகியவர்களுடைய பெயர் எனக்குத் தபாலில் வரும். ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு கடிதம் எழுதுகிறேன். பதில் எழுதியவர்கள் குறைவு. ஒருவர், "உங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லை, வீட்டுக் கடன் வட்டி ஏறிவிட்டது" என்று எழுதியிருந்தார். நேர்மையான பதில் என்றுதான் சொல்வேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் மூன்றாவது கோயிலின் கோபுரக் கூரையைப் பழுதுபார்க்க ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. அதில் பாதிப் பேருக்கு மேல் ஞானஸ்நானமே பெறாதவர்கள். தீயணைப்புப் படைத் தலைவர், மதுக்கடைக்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கோடைத் திருவிழாவில் கரி அடுப்பில் சாசேஜ் சுட்டு விற்று அந்தக் காசைக் கூரைக்குக் கொடுக்கிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லை, கோயில் மட்டும் விழக் கூடாது. ஏன் என்று வாத்தியாரிடம் கேட்டேன். "எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தூரத்திலிருந்து எப்படித் தெரியும்?" என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை இவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் நடிக்கிற நாடகம். மேய்ப்பன் வேஷத்தில் மதுக்கடைக்காரர் பேரன். மாடம் வரைக்கும் ஆட்கள் நிற்பார்கள். அன்றைக்குத்தான் ஊருக்குப் போட்டோ அனுப்புவேன்.

கணக்குப்படி பார்த்தால் கிழக்கு ஜெர்மனியில் முக்கால்வாசிப் பேர் எந்த மதத்திலும் இல்லாதவர்கள். நாற்பது வருஷக் கம்யூனிச ஆட்சி என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் அதே ஆட்சியில்தான் லைப்சிக் நிக்கோலாய் கோயிலில் திங்கட்கிழமை ஐந்து மணிச் சமாதான ஜெபக் கூட்டத்திலிருந்து கிளம்பியவர்கள் தெருவில் நடந்தார்கள். 1989 அக்டோபர் 9ஆம் தேதி 70,000 பேர் சேர்ந்துவிட்டார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. எங்கள் சபையாரில் ஒருவர் அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்திருக்கிறார். இதையும் அவர் சொல்லவில்லை, அவர் மனைவிதான் சொன்னார்.

பௌட்சன் நகரத்துப் பேதுரு ஆலயத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் ஒருதரம் வந்து பார்க்க வேண்டும். 1524லிருந்து கத்தோலிக்கர்களும் லுத்தரன்களும் அந்த ஒரே கட்டடத்தில் ஆராதனை செய்கிறார்கள். பலிபீடப் பக்கம் அவர்களுக்கு, வாசல் பக்கம் நமக்கு. நடுவில் ஒரு தடுப்பு. முன்பு ஆளை மறைக்கும் உயரத்தில் இருந்தது, இப்போது இடுப்பளவுதான். ஐந்நூறு வருஷம்! நம்மிடம் கொடுத்திருந்தால் ஐந்தாவது வருஷமே ஆளுக்கொரு ஸ்டே ஆர்டர் வாங்கி ஆலயத்துக்குப் பூட்டுப் போட்டிருப்போம்.

கருப்பு நிறத்தில் ஒரு போதகரை இவர்கள் ஏற்றுக்கொண்டார்களா என்று கேட்கிறவர்கள் உண்டு. 2024 மாநிலத் தேர்தலில் குடியேறிகளை எதிர்க்கிற ஏஎஃப்டி கட்சி சாக்சனியில் 30 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியது. எங்கள் பக்கம் இன்னும் அதிகம். அதற்குப் போட்டவர்கள் என் சபையிலும் இருக்கிறார்கள். ஒருவர் என்னிடமே சொன்னார். சொல்லிவிட்டு, "உங்களைச் சொல்லவில்லை" என்றார். அவர்தான் என் வாசலில் பனி அள்ளிப் போடுகிறவர். "பிறகு யாரைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை, பனிக்காலம் தோறும் தொடர்கிறது. பஸ்ஸில் என் மனைவி பக்கத்து சீட் காலியாகவே வருகிற நாட்களும் உண்டு. அதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். கறிவேப்பிலைக்கு டிரெஸ்டனில் ஒரு வியட்நாம்காரர் கடை. கம்யூனிச ஆட்சியில் தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். மகள் சாப்பாட்டுக்கு முன் ஜெர்மனில் ஜெபிக்கிறாள், படுக்கும்போது தமிழில். என் பிரசங்கத்தை சனிக்கிழமை ராத்திரி அவளிடம் படித்துக் காட்டுவேன். இலக்கணம் திருத்துவாள். போன வாரம், "அப்பா, இது ரொம்ப நீளம், இங்க யாரும் இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்று ஒரு பக்கத்தையே அடித்துவிட்டாள்.

ஹெர்ன்ஹூட் என்று பக்கத்தில் ஒரு சின்ன ஊர். சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில், மொராவியாவிலிருந்து ஓடி வந்த விசுவாசிகள் 1722இல் கட்டிய ஊர். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்து 1731லிருந்து புத்தகமாக அச்சடித்து வருகிறார்கள். இப்போதும் மூன்று வருஷம் முன்கூட்டியே ஒரு கிண்ணத்திலிருந்து சீட்டு எடுக்கிறார்கள். புது வருஷ ஆராதனையில் தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை எடுத்துப் பழகிய நமக்கு இது புதுசே அல்ல. வித்தியாசம் ஒன்றுதான். நாம் எடுக்கிற அட்டையில் ஆசீர்வாதம் மட்டும்தான் இருக்கும், அச்சடிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இவர்களுடைய கிண்ணத்தில் "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" வகையும் உண்டு. பிறந்தநாள் அன்றைக்கு அப்படி ஒன்று வந்து நிற்கும். எங்கள் சபையார் காலையில் காபியோடு அதை வாசிக்கிறார்கள். நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது.

பிறந்தநாள் என்றதும் சொல்ல வேண்டும். இங்கே 75, 80, 85 வயதானால் போதகர் வீட்டுக்குப் போக வேண்டும். அன்றைக்கே போக வேண்டும். முந்தின நாள் தெரியாத்தனமாக வாழ்த்துச் சொன்னால் அபசகுனம் என்று பதறிவிடுவார்கள். மூன்று மணிக்குக் காபி என்றால், மூன்றுக்கு மேசையில் தட்டு, கோப்பை, மடித்த காகிதத் துணி எல்லாம் வைத்து அக்கம்பக்கத்தார் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கேக் வரும். எங்கள் பக்கத்து கேக், தட்டையாகப் பெரிய தகரத்தில் சுட்டு, மேலே வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் பிசறிய உதிரி போட்டது. இரண்டு துண்டு கட்டாயம். நான் புத்தகத்தைத் திறந்து வசனம் வாசித்தால், கொண்டாடப்படுகிறவர் கையைக் கோத்துக்கொள்வார். சபையில் இல்லாத அண்டை வீட்டார் கோப்பையைக் கீழே வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆமென் சொன்ன பிறகுதான் குடிப்பார்கள்.

அப்படி ஒரு 80ஆவது பிறந்தநாளில்தான் எங்கள் மூன்றாவது பெஞ்சுப் பாட்டி எனக்குப் பழக்கம். ஒரு காது கேட்காது, அதனால் சத்தமாகப் பேசுவார். தறிச் சத்தத்தில் போன காது. விருந்தினர் கிளம்பிய பிறகு கோப்பைகளைத் துடைக்க நானும் துணி எடுத்தேன். (போதகர் பாத்திரம் துடைப்பது இங்கே ஒரு அதிசயமும் இல்லை. ஊரில் என்றால் அந்தம்மா அழுதிருப்பார்.) துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார், பதினான்கு வயதில் டாக்டராக வேண்டும் என்று நினைத்தாராம்.

அவருக்குப் பதினான்கு வயது 1957இல். அதற்குச் சில வருஷம் முன், 1954இல், திடப்படுத்தலுக்கு (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தாங்களே விசுவாசத்தை அறிக்கையிடுகிற சபைச் சடங்கு) போட்டியாக அரசாங்கம் யூகென்ட்வைஹே என்று ஒரு சடங்கைக் கொண்டுவந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையில் நின்று அரசியல் உறுதிமொழி சொல்ல வேண்டும். ஒரு பூங்கொத்தும் ஒரு புத்தகமும் கொடுப்பார்கள். அதையும் இதையும் சேர்த்துச் செய்யக் கூடாது என்று சபையும் கண்டிப்பாக இருந்தது. பாட்டியுடைய வகுப்பில் மேடையேற மறுத்தவர்கள் இவரும் ஒரு பையனும்தான். ஆசிரியர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசிப் பார்த்தார். அப்பா, "அவளே சொல்லட்டும்" என்றுவிட்டார். இவர் திடப்படுத்தல் எடுத்தார். வகுப்பிலேயே நல்ல மதிப்பெண், இருந்தும் மேல்படிப்புப் பள்ளிக்கு இடம் இல்லை என்றார்கள். நெசவாலைக்குப் போனார். ஆட்சி மாறியபின் ஆலையை மூடும்வரை அங்கேதான்.

"உங்கள் மகனுக்கு இது தெரியுமா?" என்றேன். தெரியாது. மகனுக்குப் பதினான்கு வயதானபோது இவரே அந்த மேடைக்கு அனுப்பியிருக்கிறார். "நான் கொடுத்த விலை போதும் என்று நினைத்தேன்" என்றார். மகன் படித்து இன்ஜினியர் ஆகிவிட்டார். அம்மா கோயிலுக்குப் போவது, அவரைப் பொறுத்தவரை அம்மாவுடைய பழைய பழக்கம்.

எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஊரில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னவர்களை நினைத்துப் பார்த்தேன். வேலை கிடைத்தது, விசா கிடைத்தது, வீடு கட்டினோம். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன், நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் விசுவாசத்தால் ஒன்றை இழந்தேன் என்று யாரும் அந்த மைக்கில் சொல்லி நான் கேட்டதில்லை. நாமும் அதற்கு இடம் வைக்கவில்லை. இங்கே இழந்தவர் இருக்கிறார், மைக் இல்லை. இவர்களுடைய மௌனத்தைப் பணிவு என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தன் மகனுக்கே தெரியாத விசுவாசம் எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகும்? காலிப் பெஞ்சுகளுக்குக் கம்யூனிஸ்டுகள் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி இந்தச் சமையலறை மௌனம்தான் என்பது என் எண்ணம். இதைச் சபைக் குழுவிலும் சொன்னேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பாட்டியைத் திடப்படுத்தல் வகுப்புக்கு வந்து பேசச் சொன்னேன். மூன்று கிராமமும் சேர்த்து வகுப்பில் நான்கு பிள்ளைகள். முடியாது என்றார். கேக்கோடு வந்தால் போதும் என்றேன். கேக்கோடு வந்தார். பத்து நிமிஷம்தான் பேசியிருப்பார், ஆசிரியர் வந்தது, அப்பா சொன்னது, முதல் நாள் தறி. ஒரு பையன் கேட்டான்: "பிறகு வருத்தப்பட்டீர்களா?" பாட்டி நல்ல காதை அவன் பக்கம் திருப்பி மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டான். "சில நாட்களில், ஆமாம்" என்றார். நான் இடையில் புகுந்து ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளைகள் கேக் சாப்பிட்டார்கள்.

அந்த நால்வரில் ஒருத்தி பாட்டியுடைய பேத்திக்கு வகுப்புத் தோழி. ஆக, பேத்திக்கு விஷயம் பள்ளிக்கூட பஸ்ஸில் தெரிந்துவிட்டது. அவள் அப்பாவிடம் கேட்க, அப்பா தன் அம்மாவுக்குப் போன் போட, ஒரே வாரத்தில் குடும்பம் முழுக்கப் பேச்சு. இன்ஜினியர் என்னிடமும் போனில் பேசினார். கோபமாக இல்லை. அறுபது வருஷத்துக்கு மேல் ஏன் சொல்லவில்லை என்று என்னிடம் கேட்டார். அதை அவரிடமே கேளுங்கள் என்றேன்.

பேத்தி மனம் மாறிச் சபைக்கு வந்தாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வரவில்லை. யூகென்ட்வைஹே இப்போதும் உண்டு. அரசியல் உறுதிமொழி போய்விட்டது, புது உடை, விருந்து, உறவினர் கொடுக்கிற பணம் மட்டும் இருக்கிறது. மே மாதம் அவள் அந்த மேடையில் ஏறினாள். உடைக்குப் பணம் கொடுத்தது பாட்டி. விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். உருளைக்கிழங்கு சாலட், பன்றி வறுவல், அப்புறம் அதே உதிரி கேக். சாப்பாட்டுக்கு முன் இன்ஜினியர் எழுந்து, அம்மாவுக்குப் பழக்கம் என்பதால் போதகர் ஒரு ஜெபம் சொல்லட்டும் என்றார். பாட்டி நிமிர்ந்து, "எனக்குப் பழக்கம் என்பதால் அல்ல" என்றார், அவருடைய வழக்கமான சத்தத்தில். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து ஜெபித்தேன், சுருக்கமாக. சாலட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல்.